மூணு பன்னெண்டுக்கு எடுத்த பிரிண்ட்டு

இல்லீங்க தம்பி, மேல வெக்கறதுக்கில்ல. கம்பியில வெச்சா அடுத்த வளைவுலயே யாரு மண்டையிலயாவது வந்து வுழும். மடியிலயே இருக்கட்டும். கனம்தான், இன்னா பண்றது. வெள்ளிமலையிலேர்ந்து கரியாலூரு வர்றதுக்குள்ளயே தொடை மரத்துப் பூடுச்சு. நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்கினா கால நீட்டிக்குவேன். ஆங், போதும் போதும்.

இதுவா? என் பழைய பொடவைதான். தூசி பட்டுடக் கூடாதேன்னு சுத்தி வெச்சிருக்கேன். பாத்தா கொழந்தைய தூக்கிக்கினு போற மாதிரி இருக்குதில்ல? கண்டக்டரு கூட கேட்டான், இன்னாக்கா இதுக்கு அரை டிக்கெட்டு போடவான்னு. சிபியு தம்பி. கம்ப்யூட்டர் பொட்டி. சாப்பாட்டுப் பையி, கொடை, தண்ணி பாட்டிலு எல்லாம் முன்னாடி இருக்குது. டிரைவருக்குப் பின்னால மஞ்ச சுடிதார் போட்டுக்கினு ஒரு புள்ள ஒக்காந்திருக்குது பாருங்க, அதுங்கிட்ட. அதான் ஓடியாந்து எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்குச்சு. பொட்டியக்கூட நானே வெச்சுக்கிறேங்க்கான்னு சொல்லுச்சு. நான்தான் குடுக்கல.

தெரிஞ்ச புள்ளதான். கொஞ்சம் மெதுவா பேசுங்க தம்பி, இந்த பஸ்ஸுல பாதிப் பேரு எனக்கு தெரிஞ்சவங்க.

நீங்க சுத்திப் பாக்க வந்தவரா? பெரியார் அருவியா, மேகம் அருவியா? ரெண்டுமா? தண்ணி இருந்துச்சா? ம். மெட்ராஸுல இன்னா வேல? அட, கம்ப்யூட்டரா! பையப் பாத்தப்பவே நெனச்சேன். அப்ப உங்கள ஒண்ணு கேக்கலாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பார்மட்டு பார்மட்டுன்னு சொல்றாங்களே, அத்த பண்ணா உள்ள இருக்கறதெல்லாம் பூடுமா? சுத்தமா? அப்பால யாரு தோண்டுனாலும் கெடைக்காதா?

ஓ. தோண்டறவன் தோண்டுனா கெடைக்குமா.

இல்ல, சும்மாதான் கேட்டேன். வூட்டுக்காரரு சொன்னாரு, கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கினு போயி பார்மட்டு பண்ணிடு, முடிஞ்சுச்சு வேலன்னு. அவுரு ஜீப்பு ஓட்டறவரு, காசிநாதன்னு மேல எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எல்லாமே வண்டிய கழுவற மாதிரிதான். தண்ணி ஊத்துனா சேறு பூடும்பாரு.

நான் நிர்மலா. சொந்த ஊரு கீழ, நைனார்பாளையம். கட்டிக்குடுத்து மேல வந்தேன். பதினோரு வருஷமா வெள்ளிமலையில நெட் சென்டர் வெச்சிருக்கேன். நெட்டுக்காரம்மா கடை எதுன்னு கேட்டா பச்சப்புள்ளகூட கை காட்டும். ஜாதி சர்டிபிகேட்டு, வருமான சர்டிபிகேட்டு, ரேஷன் கார்டுல பேரு சேக்கறது, பேர எடுக்கறது, ஸ்காலர்ஷிப்பு, பரிட்சை ரிசல்ட்டு, எல்லாம் என்கிட்டதான். ஒரே பொட்டி. இந்தப் பொட்டிதான்.

உங்க ஊருல மாதிரி இல்ல தம்பி. உள்ள தள்ளி இருக்கற ஊருங்கள்ல டவரு கெடையாது. ஒரு அப்ளிகேஷன் போட்டா பத்து நாளு கழிச்சு மெசேஜு வரும், அப்ப அவங்க சாமை அறுத்துக்கினு இருப்பாங்க, இல்ல மரவள்ளிக் காட்டுல இருப்பாங்க. மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணலன்னா அந்த நம்பரே வேற எவனுக்கோ பூடும். அதனால வர்றவங்க எல்லாம் ஒரே பேச்சுதான். எங்க நம்பரு எதுக்கும்மா, ஒன் நம்பரயே போட்டுடு, மெசேஜு வந்தா சொல்லி அனுப்பு. போட்டுடுவேன். ஓடிபி எனக்கு வரும். நான் அடிப்பேன். பஸ்ஸு டிரைவருகிட்ட, ஜீப்புக்காரங்ககிட்ட சொல்லி அனுப்புவேன், இன்னாருக்கு சர்டிபிகேட்டு வந்திடுச்சுன்னு. மலையில பாதிப் பேருக்கு நான்தான் போன் நம்பரு தம்பி. பாஸ்வேர்டு கூட நான் வெச்சதுதான், பேரும் பொறந்த வருஷமும். ப்ரவுசர்லயே சேவ் பண்ணி வெச்சிடுவேன், அப்பால தேட வேணாம் பாருங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க. பெருமையா இருந்துச்சு எனக்கு. வாயத் தொறந்து சொல்லிடறேன், அப்ப அவ்ளோ பெருமையா இருந்துச்சு. ரேஷன் கடையில நின்னா எனக்கு வரிசை வுடுவாங்க.

அப்பால இந்த போட்டோ இருக்குது பாருங்க, அதான் பெரிய ரோதனை. ஒரு சைட்டு அம்பது கேபிக்குள்ள கேக்கும், இன்னொண்ணு இருவது கேபிக்குள்ள கேக்கும், கையெழுத்துக்கு பத்து கேபின்னும். மொதல்ல நானே ஒண்ணொண்ணா சுருக்குவேன். சுருக்கி சுருக்கி, ஒருத்தரு மூஞ்சி அவரு பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாம பூடும். வெளிய இருவது பேரு நிப்பாங்க. ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா அவங்களுக்கு எட்டு கிலோமீட்டரு நடை. அப்பதான் ஒரு எக்ஸ்டென்ஷன் கெடைச்சுது. இந்த ப்ரவுசரு மேல, அட்ரஸ் அடிக்கறதுக்குப் பக்கத்துல ஒரு மூலையில குட்டியா ஒக்காந்துக்குமே, அது. படம் சின்ன பை மாதிரி இருக்கும். நான் அத்த சுருக்குப்பைன்னுதான் சொல்வேன். ஒரு அமுக்கு, போட்டோ சரியா அம்பதுக்குள்ள வந்து நிக்கும். ஓசிதான். எத்தினியோ லட்சம் பேரு போட்டிருக்காங்கன்னு எழுதி இருந்துச்சு, அஞ்சுக்கு நாலரை ஸ்டாரு. லட்சம் பேரு போட்டிருக்கான், நான் போட்டா இன்னான்னு போட்டுட்டேன்.

மூணு வருஷம் தம்பி, ஒரு தப்பு சொல்ல முடியாது. அவ்ளோ நல்லா வேல செஞ்சுது.

ஆங்! ஒண்ணுமில்லம்மா, பொட்டி நல்லாத்தான் இருக்குது! நீ முன்னாடி பாத்து ஒக்காரு, தலை சுத்திடப் போவுது!

பாத்தீங்களா, வளைவுக்கு வளைவு திரும்பிப் பாக்குது. பொட்டி வுழுந்துடுமோன்னு அதுக்கு கவல.

எங்க வுட்டேன்? ஆங், போன வருஷம் ஸ்கூலு தொறக்கற சமயம். காலையில கடை தொறக்கறேன், வாசல்ல முப்பது பேரு. எல்லாம் பன்னண்டாவது முடிச்ச புள்ளைங்க, அப்பன் ஆத்தா. பொட்டிய போட்டா, ஒரு சின்ன ஜன்னல் வந்து நிக்குது. சுருக்குப்பை புதுசா இன்னாமோ பர்மிஷன் கேக்குதாம், அதனால நிறுத்தி வெச்சிருக்குதாம். இங்கிலீஷு. எனக்கு படிக்கத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, பி.காம் முடிச்சிருக்கேன். நீங்க போற எல்லா வெப்சைட்டுலயும் இருக்கற எல்லாத்தையும் படிக்கும், மாத்தும்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். நல்லாத்தான் படிச்சேன். கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு அனுமதிக்கறது, ஒண்ணு எடுத்துடறது. எடுத்துட்டா முப்பது பேரு போட்டோவ யாரு சுருக்கறது? அமுக்கிட்டேன்.

நீங்க அமுக்க மாட்டீங்களா? நெசமா? சத்தியமா சொல்லுங்க. ம். பாத்தீங்களா.

அத்த செஞ்ச பையன் வித்துட்டானாம் தம்பி. அப்பால தெரிஞ்சுது. எவனோ காலேஜு படிக்கற பையன் சும்மா செஞ்சு வெச்சிருந்தானாம், எவனோ வந்து வெலைக்கு கேட்டிருக்கான், குடுத்துட்டான். வாங்குனவன் உள்ள வேற எதையோ வெச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டான். நான் பையனுக்கு மெயில் போட்டேன். பதிலு வந்துச்சு. எனக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தமில்லக்கா, மன்னிச்சிடுங்கன்னு. அக்கான்னு தமிழ்லயே போட்டிருந்தான். அவனத் திட்டக்கூட மனசு வரல. வாங்குனவன் யாருன்னா தெரியாதாம். மெயிலு ஒண்ணு குடுத்தான், அதுக்கு போட்டா திரும்பி வந்துடுது. யாரப் புடிச்சி சண்ட போடறது சொல்லுங்க? எனக்கு சண்ட போடாம இருக்கவே முடியாது, நீங்க கடையில வந்து பாக்கணும். ஆனா எதுத்தாப்புல ஒரு மூஞ்சி இருந்தாத்தானே சண்ட போடலாம்.

பாரதின்னு ஒரு புள்ள தம்பி. அப்பா சின்னக்கண்ணு, அம்மா சாலம்மாள். ரெண்டு பேருமே கூலிக்குப் போறவங்க, சொந்தமா அர ஏக்கரா சாமைக்காடு, அதுவும் பாதி பாறை. இந்தப் புள்ள பன்னண்டாவதுல எடுத்த மார்க்கு அந்தப் பக்கம் எந்த ஊருலயும் யாரும் எடுத்ததில்ல. நர்ஸுக்கு படிக்கணும்னு அதுக்கு. ஏன்னா, அதோட தம்பிக்கு ஒருக்கா பாம்பு கடிச்சு, ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா ராத்திரி பகலா பாத்து எழுப்பி வுட்டாங்களாம். அந்த நர்ஸம்மா பேருகூட தெரியாது அதுக்கு. ஆனா சொல்லும்போது கண்ணு மின்னும்.

அப்ளிகேஷன் நான்தான் போட்டேன். ரேங்க்கு வந்துச்சு, நல்ல ரேங்க்கு. அப்பால கவுன்சிலிங்கு. எந்தெந்த காலேஜு வேணும்னு வரிசையா போடணும், உங்களுக்கு தெரியாததா. மொத்தம் ஒம்பது காலேஜு, எல்லாம் கவர்மெண்டு. ராவெல்லாம் நோட்டுல எழுதிக்கினு வந்திருந்துச்சு, செவப்பு பேனாவுல அடிக்கோடு போட்டு. நான் எந்தப் புள்ளையையும் மவுச தொட வுடமாட்டேன் தம்பி, ஒடச்சிடுங்க. அன்னிக்கி மட்டும் எழுந்து நின்னுக்கினு, ஒக்காரும்மா, இது ஒன் வாழ்க்க, ஒன் கையாலயே போடுன்னு சொன்னேன். கை நடுங்குது அதுக்கு. ஒண்ணொண்ணா நோட்டப் பாத்து பாத்து போட்டுச்சு. நானும் பின்னால நின்னு பாத்தேன். ஒரு எழுத்து தப்பில்ல.

பிரிண்ட்டு ஒண்ணு எடுத்தேன், கடை பைலுக்கு. அதுக்கு இன்னொண்ணு எடுக்கறதுக்குள்ள பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிட்டான். நாளைக்கு வந்து வாங்கிக்கோ, ஓடுன்னேன். ஓடுச்சு. அஞ்சு மணிக்கு சைட்டு மூடிடும், போட்டது அப்பிடியே லாக் ஆயிடும். அவ்ளோதான் வேல.

நாலு மணிக்கு எனக்கு போன் வருது.

நல்ல கொரலு. பொறுமையா பேசுனான். மேடம், மாணவி பாரதியோட நம்பருங்களா, கவுன்சிலிங் உதவி மையத்துலேர்ந்து பேசறோம். தகப்பனார் சின்னக்கண்ணு, அப்ளிகேஷன் நம்பரு இது, மொத்த மார்க்கு இது, ஜாதி சர்டிபிகேட்டு நம்பரு இது, அப்பிடின்னு வரிசையா சொல்றான். அப்பால காலேஜு லிஸ்ட்டு. மொதல்ல இது, ரெண்டாவது இது, மூணாவது இதுன்னு ஒம்பதையும் சொல்றான். லிஸ்ட்டு சரியா சேவ் ஆவல மேடம், சர்வர்ல கோளாறு, அஞ்சு மணிக்கு மூடிடும், பாவம் மலைப் புள்ள, நாங்களே இங்கேர்ந்து சேவ் பண்ணி வுட்டுடறோம், ஒரு நம்பரு வரும், அத்த மட்டும் சொல்லுங்கன்னான்.

அந்த லிஸ்ட்ட ஒலகத்துல பாத்தது அந்தப் புள்ளையும் நானும்தான் தம்பி. அத்த வுட்டா அந்த ஸ்க்ரீனு. அப்ப இன்னொருத்தன் ஒப்பிக்கறான்னா அவன் ஆபீஸுக்காரனாத்தானே இருக்கணும்? வேற எப்பிடி தெரியும்? நீங்களே சொல்லுங்க. அந்த சுருக்குப்பை மூலையில ஒக்காந்துக்கினு நாங்க அடிச்ச ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து அனுப்பிக்கினு இருந்துச்சுன்னு எனக்கு கனவா வரும்?

பாஸ்வேர்டு அவங்கிட்ட ஏற்கனவே இருந்திருக்குது. இல்லாதது ஓடிபி ஒண்ணுதான். அது என் போனுக்குத்தான் வரும்.

சொல்லிட்டேன்.

என் கடை செவுத்துல ஒரு அட்டை மாட்டியிருக்குது தம்பி. ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு. என் கையெழுத்து. பச்ச ஸ்கெட்ச்சு பேனாவுல நானே எழுதி மாட்டுனது. அதுக்கு நேரா ஒக்காந்துக்கினுதான் சொன்னேன். ஆறாவது நம்பரு காதுல சரியா வுழலன்னான், திருப்பி வேற சொன்னேன். தேங்க்ஸும் சொன்னேன் அவனுக்கு. அப்பால லாக் ஆயிடுச்சுன்னு ஒரு மெசேஜு வந்துச்சு, அப்பாடான்னு டீ குடிக்கப் போனேன்.

கோமுகி டேம் வந்திடுச்சு, பாருங்க அந்தாண்ட. வெயில்ல பளபளன்னு இருக்குது. அவ்ளோதான், இனிமே வளைவு கெடையாது. தலை சுத்தலே இல்லையே உங்களுக்கு? நல்லது.

ரிசல்ட்டு வந்துச்சு. எங்கியோ ஒரு தனியாரு காலேஜு. இந்தப் புள்ள அந்தப் பேர கேட்டதே இல்ல. லிஸ்ட்டுல அந்த ஒரு காலேஜுதான் இருக்குது, மத்த ஒம்பதும் இல்ல. போன்ல பேசுனவன் ஒம்பதையும் எடுத்துட்டு அத்த போட்டிருக்கான், இப்பிடி ஆளு சேத்து வுட்டா புரோக்கருக்கு கமிஷனாம். ஒரு வருஷத்துக்கு அவங்க கேட்ட பீஸ சொன்னா சின்னக்கண்ணு அண்ணன் ஒக்காந்துட்டாரு. சேரல. கெடைச்சத வேணான்னுட்டா அந்த வருஷம் அவ்ளோதான், வெளிய நிக்க வேண்டியதுதான். இதுக்குப் பின்னாடி ரேங்க்கு வாங்குன புள்ளைக்கெல்லாம் இது கேட்ட மொத காலேஜே கெடைச்சிருக்குது. நான் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம்.

எனக்கா? எனக்கு அப்பவே தெரியும்னு சொல்ல முடியாது. சந்தேகம் இருந்துச்சு. அப்பால ஐப்பசியில ஒரு நாளு பொட்டிய போட்டா ப்ரவுசரு செவப்பா காட்டுது, இந்த எக்ஸ்டென்ஷன் ஆபத்து, நாங்களே நிறுத்திட்டோம்னு. கள்ளக்குறிச்சியில தீனதயாளன்னு ஒருத்தரு, ரிப்பேரு கடை. அவருக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். போன்லயே வெலாவாரியா சொன்னாரு. நீ பாக்கற எல்லாத்தையும் அதுவும் பாத்துக்கினு இருந்திருக்குதும்மா, எவ்ளோ நாளா இருந்துச்சுன்னு கேட்டாரு. அஞ்சு மாசம். அஞ்சு மாசத்துல என் கடைக்கு எத்தினி பேரு வந்தாங்கன்னு எனக்கே தெரியாது. அவங்க ஆதாரு, அவங்க வருமானம், யாரு புருஷன வுட்டுட்டு தனி கார்டு கேட்டா, யாருக்கு இன்னா வியாதின்னு இன்சூரன்ஸுக்கு போட்டா, எல்லாம். எனக்கு மட்டும் சொன்னதா நெனச்சுக்கினு சொன்னாங்க. எங்க போச்சு, யாருகிட்ட இருக்குது, ஒண்ணும் தெரியாது. திரும்ப வாங்க முடியுமா தம்பி? இல்ல, கேக்கறேன். ஏதாவது வழி?

ம். நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

சைபர் போலீஸு நம்பருக்கு போன் கூட பண்ணேன், பேரு சொல்லாம. அந்தப் பொண்ணு தன்மையாத்தான் பேசுச்சு. எவ்ளோ பணம் போச்சும்மான்னு கேட்டுச்சு. பணம் போவலன்னேன். அப்ப இன்னா போச்சுன்னு கேட்டுச்சு. வெச்சிட்டேன்.

அவங்ககிட்ட சொன்னனாவா? யாருகிட்ட, சின்னக்கண்ணு அண்ணங்கிட்டயா?

இதான் தம்பி. இல்ல, சொல்லல.

அந்தப் புள்ள தான்தான் தப்பா அமுக்கிட்டோம்னு நெனச்சுக்கினு இருக்குது. நான்தான் எழுந்து எடம் வுட்டேனே, ஒன் கையாலயே போடுன்னு. கை நடுங்குச்சு பாருங்க, அத்த நெனச்சு நெனச்சு, நடுங்குனதுல எதையோ அழிச்சிட்டேன் போலக்கா, வேற எதையோ தொட்டுட்டேன் போலக்கான்னு எங்கிட்டயே வந்து அழுவுது. அவங்கப்பா ஒரு அடி அடிக்கல. அதோட பேசறதத்தான் நிறுத்திட்டாரு. அடுத்த வருஷம் மறுபடி போடலாம் அண்ணேன்னு நான் போயி சொன்னேன். ஒருக்கா அமுக்கத் தெரியாதவ மறுவாட்டி மட்டும் இன்னாத்த அமுக்கப் போறா, எங்க ஜனத்துக்கு இதெல்லாம் வராதும்மா, வுடுன்னுட்டாரு. எங்க ஜனத்துக்கு வராதாம். அத்தக் கேட்டுக்கினு நின்னேன் நானு. எனக்குத்தாங்க அண்ணே வரலன்னு சொல்ல வாயி வரல. சாலம்மா அக்கா எனக்கு குடிக்க சாமைக்கஞ்சி குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்.

இப்ப என் கடைக்கு வந்தா அந்தப் புள்ள பொட்டிக்கிட்டயே வராது. வாசல்லயே நிக்கும். வேணாங்க்கா, நான் தொட்டா கெட்டுடும்னும்.

ஒரு நாளு கேட்டுச்சு. அக்கா, அன்னிக்கி நீங்க ஒரு பிரிண்ட்டு எடுத்த மாதிரி இருந்துச்சே, அத்தப் பாத்தா நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரியுமில்லன்னு. தப்ப கண்டுபுடிக்க கேக்குது தம்பி, என்ன சந்தேகப்பட்டு இல்ல. நான் சொன்னேன், எடுக்கலையேம்மா, அன்னிக்கி பிரிண்டரு மக்கரு பண்ணுச்சேன்னு. சடார்னு வந்துடுச்சு வாயில. அப்பிடியாக்கான்னு போயிடுச்சு. மறுநாளு ஒரு சீசாவுல தேனு கொண்டாந்து குடுத்துச்சு. நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க எனக்கு, நான்தான் கெடுத்துட்டேன்னு. அந்த சீசா இன்னும் தொறக்கல.

எடுத்தேன் தம்பி. பிரிண்ட்டு இருக்குது. தோ, இந்த கைப்பையிலயே இருக்குது, கவருக்குள்ள. பாக்கறீங்களா? மெதுவா, கீழ வெச்சுக்கினே பாருங்க. ஒம்பது காலேஜும் வரிசையா. கீழ தேதியும் நேரமும் தானா அடிச்சிருக்குது பாருங்க, மூணு பன்னெண்டு. லாக் ஆனது நாலு அம்பதுக்கு, அந்த மெசேஜும் என் போன்ல இருக்குது. இந்த ஒரு காயிதம் போதும். அவங்கப்பாகிட்ட காட்டுனா அந்தாளு மறுபடி அப்ளிகேஷன் போட வுடுவாரு. சித்திரைக்கு மேல தொறந்துடுவாங்க. மார்க்கு இருக்குது, ரேங்க்கு வந்துடும். எல்லாம் இருக்குது. நான் வாயத் தொறக்கறது ஒண்ணுதான் பாக்கி.

ஏன் தொறக்கலன்னு கேக்காதீங்க. நீங்க கேக்கல, பாவம், நான்தான் தெனம் என்னையே கேட்டுக்கினு இருக்கேன். சொன்னா கடை போச்சு. கவர்மெண்டு சைட்டுக்கு குடுத்த ஐடிய புடுங்கிடுவாங்க. அது கூட பரவால்ல, நாளைக்கே ஒரு பொட்டிக்கடை வெச்சுப் பொழச்சுக்குவேன். மலையில எனக்கு வரிசை வுட்ட ஜனம் தம்பி. அவங்க மூஞ்சி மாறுமே. அந்தப் புள்ள மூஞ்சி மாறுமே. அத்த நான் எங்க வெச்சுப் பாப்பேன்? வூட்டுக்காரரு சொல்றாரு, அதுவே தன் தப்புன்னு ஒத்துக்கினு இருக்குது, நீ ஏன் போயி வம்ப இழுக்கற, பொட்டிய பார்மட்டு பண்ணு, அந்த காயிதத்த அடுப்புல போடுன்னு. அடுப்பு வரைக்கும் ரெண்டு வாட்டி கொண்டு போனேன். முடியல. அடுப்புலயும் போட முடியல, அவங்க கையிலயும் குடுக்க முடியல.

கச்சிராயபாளையம் தாண்டிட்டமா? எப்ப தாண்டுச்சு? அய்யோ, பேசிக்கினே வந்துட்டேன் பாருங்க. அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுலயா? நீங்க அங்கயிருந்து மெட்ராஸ் பஸ்ஸு புடிக்கணுமா. நானும் அங்கதான். தீனதயாளன் கடை கிட்டத்துலயே இருக்குது. போலீஸு ஆபீஸு கொஞ்சம் தள்ளி, ஆட்டோவுல போவணும். எங்க போவப் போறேன்னு சத்தியமா எனக்கு தெரியாது. ரெண்டுக்கும் சேத்துத்தான் தூக்கிக்கினு வந்தேன்.

திருப்பூருக்குப் போற மில்லு வேனும் அந்த பஸ் ஸ்டாண்டுலதான் வந்து நிக்குமாம். பதினோரு மணிக்கு. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. மூணு வருஷம் மில்லுல நின்னுட்டா அப்பால எந்தப் புள்ள தம்பி திரும்பி வந்து பரிட்ச, ரேங்க்குன்னு ஒக்காரும்? கட்டிக் குடுத்துடுவாங்க.

யாரா? அந்தப் புள்ளதான். பாரதி. தோ, மஞ்ச சுடிதாரு.

ஆமா. அதுதான்.

திரும்பாதீங்க, திரும்பாதீங்க, பாத்துடும். நான் பொட்டி ரிப்பேருன்னு சொல்லியிருக்கேன். நான் தூக்கிக்கினு வர்றதப் பாத்துட்டு ஓடியாந்துச்சு, கடைசியா உங்களுக்கு ஒரு உதவி செய்றேங்க்கான்னு. காலுக்கடியில அதோட ரெக்சின் பையி இருக்குது, அதுக்கு மேல என் சாப்பாட்டுப் பைய வெச்சு புடிச்சுக்கினு வருது.

மேலேர்ந்து ரெண்டு மணி நேரம் தம்பி. அதும் பக்கத்துல எடம் இருந்துச்சு. கூப்புட்டுச்சு, வாங்கக்கா இங்க ஒக்காருங்கன்னு. வேணாம்மா, முன்னாடி வெக்கையா இருக்கும்னு சொல்லி இங்க வந்து உங்க பக்கத்துல ஒக்காந்தேன். உங்க லேப்டாப் பையப் பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். வேணும்னே.

நீங்க சொல்லிடுங்களேன்.

கோவப்படாதீங்க. நான் உங்கள யாருன்னே கேக்கல, பேருகூட கேக்கல, அதுக்குத்தான். நீங்க எறங்கி உங்க ஊருக்குப் பூடுவீங்க. உங்களுக்கு கம்ப்யூட்டரு தெரியும், எடுத்து சொன்னா அதுக்குப் புரியும். தப்பு அதோட கையில இல்ல, அந்த சுருக்குப்பையிலதான்னு ரெண்டே வார்த்த. என்னயப் பத்தியும் சொல்லுங்க, வுட்டுடாதீங்க, ஓடிபி சொன்னது, பிரிண்ட்டு இல்லன்னு சொன்னது, எல்லாம். நான் பக்கத்துலயே நிக்கறேன். எங்கியும் ஓட மாட்டேன். எனக்கு வாயிதான் வரல தம்பி, காலு நிக்கும். இந்தாங்க, இத்தப் புடிங்க. காயிதத்த உங்க கையிலயே வெச்சுக்கோங்க. எங்கிட்ட திருப்பிக் குடுக்காதீங்க, குடுத்தா மறுபடி உள்ள வெச்சுக்குவேன்.

தோ, பஸ் ஸ்டாண்டு. எழுந்துடுச்சு பாருங்க, பொட்டிய வாங்க வருது.

மெதுவா வாம்மா, வண்டி நிக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ இப்பிடி வா பாரதி, இந்தாண்ட. இந்தத் தம்பி மெட்ராஸுல கம்ப்யூட்டரு வேல செய்றாராம். ஒங்கிட்ட இன்னாமோ சொல்லணுமாம்.